பள்ளிப் பணத்தின் வரத்துக்கால்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வானம் பார்த்த பூமி விரிந்து கிடக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளையும் நிலம் அது. ஆங்காங்கே கண்மாய்கள் உண்டு. மழை பெய்யும் காலத்தில் அக்கண்மாய்களுக்கு நீர் கொணரும் ஓடைகளை வரத்துக்கால் என்று எங்கள் பக்கத்தார் அழைப்பர். இங்குள்ள உழவர் ஒருவரிடம், "இவ்வாண்டு எத்தனை அங்குலம் மழை பெய்தது?" என்று கேட்டால் அவர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார். "கண்மாய்க்கு எவ்வளவு தண்ணீர் வந்தது? மடை திறந்தது எந்த மாதம்?" என்று கேட்டுப் பாருங்கள், திண்ணையில் உட்காரவைத்து விரிவாக விடை கூறுவார். வானத்திலிருந்து விழுந்த நீர் வேறு, வயலுக்கு வந்து சேர்ந்த நீர் வேறு என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர். கல்விக்கென்று சட்டசபையில் அறிவிக்கப்படும் பணத்தைப் பற்றியும் இதே முறையில் விசாரித்தல் வேண்டும். அவ்விசாரணையை எங்கே தொடங்கி எவ்வாறு நடத்துவது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அரசாங்கம் கல்விக்குப் பொறுப்பேற்பதற்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் எப்படி நடந்தன என்பதை முதலில் சொல்லவேண்டும். விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் வணிகர் தமக்குள் 'மகமை' என்றொரு முறையை வைத்திருந்தனர். கைமாறும் சரக்கின்மீது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒவ்வொருவரும் பொதுப் பெட்டியில் இடுவர். கோயில், கிணறு, சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிக்கூடமும் அப்பணத்தால் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே. காமராசர் பயின்றதும் அங்கேதான். மகமை கொடுத்தவருக்கு ஒரு வசதி இருந்தது. தம் பணம் என்ன ஆயிற்று என்பதை அவர் கடைவீதியிலிருந்து நாலு எட்டு நடந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் அந்த முறைக்கு ஒரு பெருங்குறையும் இருந்தது. வணிகம் செழித்த ஊரில் பள்ளி எழுந்தது; கரிசல்காட்டுக்கு நடுவே இருந்த குடியானவர் கிராமத்துக்கும், ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்ட சேரிக்கும் அந்தப் பெட்டி எட்டவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றால் எல்லாரிடமும் வரி வாங்கும் அரசாங்கமே அதைச் செய்யவேண்டும். அவ்வாறு செய்யும்போது கொடுப்பவன் கண்ணிலிருந்து பணம் மறைந்துவிடுகிறது. அவனுக்காக அதைப் பார்க்க வேண்டியவர் சட்டசபை உறுப்பினர்.

அந்த உறுப்பினருக்கு உள்ள அதிகாரம் எத்தகையது? இதைப் பற்றிப் பொதுமக்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. தொகுதியின் உறுப்பினர் எழுந்து நின்று உரக்கப் பேசினால் கல்விக்குக் கூடுதலாகச் சில கோடி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். நம் அரசியலமைப்பு அவ்வாறு வகுக்கப்படவில்லை. 202ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் வரவுசெலவு அறிக்கை சட்டசபைமுன் வைக்கப்படுகிறது. பொது விவாதம் முடிந்தபின், துறைதோறும் மானியக் கோரிக்கைகள் வருகின்றன. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் கோரிக்கைக்கு எண் 43. உயர்கல்வித் துறைக்கு எண் 20. 203ஆம் பிரிவின்படி சபை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்டுவதற்கு அதற்கு அதிகாரம் இல்லை! ஆளுநரின் பரிந்துரை, அதாவது அமைச்சரவையின் இசைவு, இல்லாமல் எந்தக் கோரிக்கையும் எழ முடியாது. ஆகவே தம் ஊர்ப் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் இல்லையே என்று வருந்தும் உறுப்பினர், விந்தையான ஒரு வழியைக் கையாளவேண்டியிருக்கிறது. கல்விக்கான மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்கவேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார். ஆயிரக்கணக்கான கோடியில் நூறு ரூபாய்! அவருக்கு அந்த நூறு ரூபாய் தேவையில்லை. குறையை எடுத்துச் சொல்லப் பேச்சுரிமை தேவை. எதிர்க்கட்சியினர் கல்விப் பணத்தை வெட்டச் சொல்கின்றனரே என்று செய்தி படித்து நீங்கள் திகைத்தால், இந்த வழக்கத்தை நினைவில் கொள்ளுங்கள். இறுதியில் 204ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே கருவூலத்தின் கதவு திறக்கிறது.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் சபையின் விவாதம் பயனற்றதன்று. இதற்கு 1953ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறுவேன். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு அப்போது கூறிற்று. அதற்கான பணமோ சென்னை ராஜ்யத்திடம் இல்லை. முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு கணக்குப் போட்டார். குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி நடத்தினால், அதே கட்டடமும் அதே ஆசிரியரும் இருமடங்கு குழந்தைகளுக்குப் போதும். மீதி நேரத்தில் சிறுவர் தந்தையின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ கற்கலாம். காகிதத்தில் பார்த்தால் கணக்கு பிழையில்லை. ஆனால் அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருவில் நின்று அதைப் பார்த்தால் அரை நாள் தறி என்பது நாளடைவில் முழு நாள் தறியாகிவிடும் என்பது விளங்கும். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைப்பதும், வழக்கறிஞர் மகன் படிப்பதும் ஆக முடியும் என்று எதிர்த்தவர்கள் முழங்கினர். 'குலக்கல்வி' என்ற பெயர் அத்திட்டத்துக்கு நிலைத்துவிட்டது. 1953 ஜூலையில் அதைக் கைவிடக் கோரும் தீர்மானம் சபையில் வாக்குக்கு வந்தபோது 138க்கு 138 என்று வாக்குகள் சமமாயின, தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையே திட்டத்தின் ஆயுளைக் குறித்துவிட்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டு மே மாதத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். ராஜாஜியின் நோக்கத்தைப் பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பணம் இல்லை என்று அவர் சொன்னது உண்மையே. அந்தப் பற்றாக்குறையின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதில்தான் வழக்கு. கிராமத்துக் குழந்தையின் தோளில் ஏற்றலாகாது என்பதைச் சபை பாதிக்குப் பாதியாகவேனும் அன்று சொல்லிற்று.

அதே பற்றாக்குறைக்கு நடுவேதான் 1956இல் மதிய உணவுத் திட்டம் அரசின் திட்டமாக விரிந்தது. செலவில் அறுபது விழுக்காட்டை அரசாங்கமும் நாற்பது விழுக்காட்டை உள்ளூராரும் ஏற்பது என்பது ஏற்பாடு. பின்னர் அமெரிக்கக் 'கேர்' நிறுவனத்தின் கோதுமையும் எண்ணெயும் வந்தன. அந்தக் கோதுமை உப்புமாவின் மணம் என் தலைமுறையாருக்கு இன்னும் மறக்கவில்லை. சுவை என்று சொல்லமாட்டேன். 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து வெற்றிபெற்று முதலமைச்சரான எம்.ஜி. இராமச்சந்திரன், 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பொருளியல் அறிந்தோர் பலர் இது அரசின் கருவூலத்துக்குத் தாங்காது என்று எச்சரித்தனர். நான் அப்போது ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காகச் சென்ற கிராமத்துப் பள்ளியில், பிற்பகல் வருகைப் பதிவேடு முற்பகலோடு ஒத்துப்போகத் தொடங்கியதைக் கண்டேன். அதற்கு முன்பெல்லாம் மதிய மணி அடித்தால் வகுப்பில் பாதி கரைந்துவிடும். பின்னாளில், 2001 நவம்பரில், சமைத்த உணவை எல்லா மாநிலங்களும் பள்ளியில் அளிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலை உணவும் அதனோடு சேர்ந்தது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025 மார்ச் 14ஆம் நாள் 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தைச் சபையில் வைத்தவர் அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு. அப்போது அவர் திருச்சுழித் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 2006 முதல் 2011 வரை பள்ளிக் கல்வித் துறையின் அமைச்சராக இருந்தவரும் அவரே. அன்றைய அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ரூ. 46,767 கோடி ஒதுக்கப்பட்டது, உயர்கல்விக்கு ரூ. 8,494 கோடி. பள்ளிக் கல்விக்கு அதற்கு முந்திய ஆண்டின் ஒதுக்கீடு ரூ. 44,042 கோடி, அதற்கும் முன்பு ரூ. 40,299 கோடி. அவ்வாண்டு அரசின் வருவாய்ச் செலவு மதிப்பீடு ரூ. 3,73,204 கோடி. அதனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பள்ளிக் கல்விக்கு. ஒரு குடும்பம் எட்டு ரூபாயில் ஒரு ரூபாயைப் பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்துவைப்பது போன்றது இது. அதே குடும்பம் அவ்வாண்டு வருவாயைவிட ரூ. 41,635 கோடி மிகுதியாகச் செலவிட எண்ணியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நம் தொகுதிக்காரரே நிதியமைச்சர் ஆயிற்றே, நம் பள்ளிகளுக்குத் தனியே ஏதும் வராதா என்று அந்நாளில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேசிக்கொண்டவர் உண்டு. பள்ளிக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி ஆசிரியரின் ஊதியம். அதை எந்த அமைச்சரும் ஊர் பார்த்து அளப்பதில்லை. மீதியும் மாணவர் தலைக்கணக்குப்படி வருவதுதான். உறுப்பினர் தம் விருப்பப்படி பணி தேர்ந்தெடுக்கத் தொகுதி மேம்பாட்டு நிதி ஒன்று உண்டு, ஆண்டுக்கு ரூ. 3 கோடி என்றிருந்த அந்நிதியில் சாலையும் குடிநீரும் பள்ளிக் கட்டடமும் ஒன்றோடொன்று போட்டியிடும்.

ஆனால் அந்த மார்ச் மாதத்து அறிக்கையில் எல்லாவற்றையும்விட உற்றுநோக்க வேண்டியது வந்த பணம் அன்று, வராத பணம். 1976இல் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன்பின் மத்திய அரசின் கல்வித் திட்டங்கள் பெருகின. 2018இல் அவற்றுள் சில ஒன்றிணைந்து 'சமக்ர சிக்ஷா' என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாயின. இதில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசின் பங்கு. நாற்பது மாநிலத்தின் பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு இசைவளிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ ரூ. 3,586 கோடி, அதில் மத்திய அரசு தரவேண்டியது ரூ. 2,152 கோடி. அது வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையொப்பமிட வேண்டும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவேண்டும் என்பது மத்திய அரசின் நிலை. அக்கொள்கை மும்மொழியைக் கொணர்வது. 1968 ஜனவரியில் இதே சட்டசபை தீர்மானித்த இருமொழிக் கொள்கைக்கு அது முரண் என்பது மாநில அரசின் நிலை. பணம் வராததால் ஆசிரியரும் மாணவரும் பாதிக்கப்படலாகாது என்று மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்தே செலவை ஏற்றுக்கொண்டதாக நிதியமைச்சர் சபையில் கூறினார். ஒரு திட்டத்தில் கையொப்பமிடாமைக்காக மற்றொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது முறையன்று என்று நாடாளுமன்றத்தின் கல்விக்கான நிலைக்குழுவும் ஏறக்குறைய அதே காலத்தில் கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, வட்டியும் சேர்த்து ரூ. 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

மொழிக் கொள்கையில் உங்கள் கருத்து எதுவாயினும் ஆகுக. அதை நீங்களே சிந்தித்து முடிவு செய்யுங்கள். இங்கே நான் காட்ட விரும்புவது வேறு. சட்டத்தால் வரும் பணம் ஒரு வகை. திட்டத்தால் வரும் பணம் மற்றொரு வகை. திட்டத்தின் பணத்துக்கு நிபந்தனை உண்டு. நிபந்தனை மாறினால் ஓட்டம் நிற்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்கு அளிக்கிறது. அது சட்டம். ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு ஈடுசெய்யும் பணம் சமக்ர சிக்ஷா என்னும் திட்டத்தின் வழியே வந்துகொண்டிருந்தது. ஆகவே திட்டத்தின் பணம் நின்றபோது, 2025-26ஆம் கல்வியாண்டில் அந்தச் சட்டப்படியான சேர்க்கையும் தமிழ்நாட்டில் உரிய காலத்தில் தொடங்கவில்லை. கல்வி உரிமைக்கான பங்கைத் திட்டத்தோடு பிணைத்து வைத்தல் தகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் கூறிற்று. அப்பங்கு விடுவிக்கப்பட்டுச் சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் உட்காரவேண்டிய குழந்தைக்கு அக்டோபர் என்பது எவ்வளவு தொலைவு என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள்.

காலத் தாழ்வு என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐப்பசி மழையில் மூன்றாம் வகுப்பின் கூரை ஒழுகியது. ஓடு மாற்றப் பணம் இல்லை. சுண்ணக்கட்டியும் பதிவேடுகளும் அருப்புக்கோட்டைக் கடையில் கடனாக வாங்கிக் காலம் தள்ளினோம். மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்தோம். மானியம் வந்தது மாசி மாதக் கடைசியில். மார்ச் 31க்குள் செலவிட்டுப் பயனீட்டுச் சான்றிதழ் அனுப்பவேண்டும் என்று உத்தரவும் உடன் வந்தது. கொத்தனார் கிடைக்கவில்லை. அந்த மாதத்தில் எல்லாப் பள்ளிகளும் கொத்தனாரைத் தேடின. பணம் திரும்பிப் போய்விடுமே என்று அஞ்சி, நான் இரண்டு பூகோள உருண்டைகளும் சில தேசப்படங்களும் வாங்கிக் கணக்கை முடித்தேன். ஏற்கெனவே ஒரு பூகோள உருண்டை பள்ளியில் இருந்தது. கணக்குத் தணிக்கையில் ஒரு பிழையும் காணப்படவில்லை. கூரை அடுத்த ஆண்டும் ஒழுகியது. கம்பு பயிர் கருகிய பின் மாசியில் பெய்யும் மழையைப் பற்றி எங்கள் பக்கத்து உழவர் சொல்வதையெல்லாம் இங்கே வானொலியில் சொல்ல இயலாது.

சிற்றூர்ப் பள்ளிகளின் மானியம் எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சமக்ர சிக்ஷா நெறிமுறைப்படி முப்பது மாணவருக்கு மேற்படாத பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 10,000, நூறு வரை ரூ. 25,000, இருநூற்றைம்பது வரை ரூ. 50,000, ஆயிரம் வரை ரூ. 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இத்தொகையில் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைக்குச் செலவிட வேண்டும். பத்தாயிரத்தை இருநூற்றிருபது வேலை நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய். சுண்ணக்கட்டி, பதிவேடு, பழுதான குழாய், துடைப்பம் எல்லாம் அதற்குள். கணக்கு நியாயமானதாகத் தோன்றும்; பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறையுமன்றோ? அங்கேதான் பிழை. பத்துப் பிள்ளைகளானாலும் கூரையின் அளவு குறைவதில்லை. கோடையில் குழாய் வறண்டால் பத்துப் பேருக்கும் தண்ணீர் வேண்டும். பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் குடும்பங்கள் பெயரும் வறண்ட வட்டாரத்தில், பள்ளியின் எண்ணிக்கை குறைவதற்குப் பள்ளி காரணமன்று. 2018இல் மத்திய அரசு நாட்டின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலை வகுத்தபோது தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட இரண்டனுள் விருதுநகர் ஒன்று, மற்றொன்று இராமநாதபுரம். மாவட்டத்தைத் தனியே எண்ணிப் பட்டியலில் வைத்தவர்கள், அம்மாவட்டத்துச் சிறு பள்ளியின் மானியத்தை மட்டும் தலைக்கணக்கால் அளப்பது எனக்குப் பொருந்தியதாகத் தோன்றவில்லை. சபையில் நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசத் தக்க பொருள் இது என்பது என் எண்ணம்.

ஆகவே உங்கள் தொகுதியின் உறுப்பினர், அவர் எக்கட்சியினராயினும், கல்விக்கு இவ்வளவு கோடி என்று மேடையில் கூறும்போது கைதட்டுமுன் சற்றுப் பொறுங்கள். அவர் கூறுவது மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, செலவான கணக்கா? அரசின் வரவுசெலவுப் புத்தகங்களில் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். 2025-26ஆம் ஆண்டின் புத்தகத்தைப் புரட்டினால் 2023-24இல் உண்மையில் செலவானது எவ்வளவு என்பதும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மானியக் கோரிக்கையோடு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகிறது. அரசின் இணையதளத்தில் தமிழிலேயே படிக்கலாம். அங்கே கிடைக்காத விவரத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு வெள்ளைத்தாளும் போதும்.

இவற்றினும் அருகிலுள்ளது உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைவது அது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பல ஊர்களில் கூட்டம் தேநீரோடு முடிந்துவிடும். எங்கள் பள்ளியிலும் நெடுநாள் அப்படித்தான் நடந்தது. பூகோள உருண்டை வாங்கிய ஆண்டுக்குப் பிந்திய கூட்டத்தில் நான் வரவையும் செலவையும் படித்துக்கொண்டு போனேன். தறி நெய்யும் அம்மையார் ஒருவர், தம் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு வந்தவள், பின்வரிசையிலிருந்து எழுந்தார். "சார், எம்புட்டு வந்துச்சுன்னு படிச்சீங்க, என்னைக்கு வந்துச்சுன்னு படிக்கலையே" என்றார். ரொக்கப் பதிவேட்டில் தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. நான் பக்கத்தை மீண்டும் திருப்பி அந்தத் தேதியைப் படித்தேன். அவர் மகள் நனைந்த மாதத்தையும் அந்தத் தேதியையும் கூட்டத்தார் விரல்விட்டு எண்ணினார்கள். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்தை எழுதி, தீர்மானமாக்கி, மேலிடத்துக்கு அனுப்பினோம். அடுத்த ஆண்டு மானியம் தை மாதத்திலேயே வந்தது. அந்தத் தீர்மானத்தினால்தானா என்பதை நான் சொல்ல முடியாது. இம்முறை கொத்தனார் கிடைத்தார்.